பரிசுத்த விசாரம்

நீர் எப்பொழுது பரிசுத்தமாகிறது என்னும் வினாவுக்கு நம் நாட்டில் மூவர் மூன்று விதமாக விடை கூறி வந்திருக்கிறார்கள். குடத்து நீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் தாய், நிறமும் நாற்றமும் இன்றித் தெளிந்திருப்பதே நல்ல நீர் என்கிறாள். சாஸ்திரத்தில் நம்பிக்கை வைத்தவர், அந்நீர் எந்தத் துறையில் எடுக்கப்பட்டது, எவர் கை அதில் பட்டது என்று விசாரித்துவிட்டே விடை பகர்கிறார். ஆராய்ச்சிசாலையில் அமர்ந்திருப்பவரோ, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, அதில் வாழும் சூக்ஷ்ம ஜீவன்கள் யாவை என்று கண்ட பிறகே வாய் திறக்கிறார். இம்மூன்று விடைகளுக்கும் அடியில் ஒரு பெரிய தத்துவ வினா கிடக்கிறது. தூய்மை என்பது ஒரு பொருளோடு பிறந்து அதனோடு நிலைத்திருக்கும் குணமா, அல்லது இடையறாத செய்கையால் நாள்தோறும் உண்டாக்கப்பட்டு, அச்செய்கை ஓய்ந்தவுடனே அழியத் தொடங்கும் ஒரு நிலையா? இரண்டாவதே உண்மை என்பதும், அவ்வுண்மையை ஒப்புக்கொள்ளும் சமூகம் நீரைப் பற்றி மட்டுமன்றி மனிதனைப் பற்றியும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளக் கடமைப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இவ்வினாவை எழுப்புவதற்கு மாரிகுப்பத்தைக் காட்டிலும் பொருத்தமான ஊர் அரிது. பங்காருப்பேட்டையிலிருந்து கோலார் தங்கவயலுக்குள் வரும் ரயில்பாதை, மேலே செல்ல வழியின்றி முடிவுறும் இடம் அது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர், வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த மக்கள் இவ்வட்டாரத்தில் லைன் வீடுகள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் குடியேறி, பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரையில் இறங்கிப் பொன் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன; ஊற்று நீரை இறைத்து வெளியேற்றிக்கொண்டிருந்த இயந்திரங்கள் நின்றபின், தலைமுறை தலைமுறையாக அவர்கள் வெட்டிய பாதாள வழிகளை நீர் நிரப்பிக்கொண்டது. இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார்கள். சயனைடு மலைகள் என்று வழங்கும் கழிவுமண் குன்றுகள் சூழ்ந்த லைன்களில், குழாயில் தண்ணீர் வரும் நாளை எதிர்பார்த்துக் குடங்களும் டிரம்களும் காத்திருக்கின்றன.

தங்கவயலுக்குக் குடிநீர் தந்த மூலம் பாலாற்றின் மேல் அமைந்த பேத்தமங்கலத்து ஏரி. உடைந்து கிடந்த அவ்வேரியைப் பத்தாம் நூற்றாண்டில் நுளம்ப மன்னன் ஒருவன் செப்பனிட்ட செய்தியை அவ்வூர்க் கல்வெட்டு கூறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஏரிக்கரையில் நீரேற்று நிலையம் அமைக்கப்பட்டு, வடிகட்டிய நீர் குழாய் வழியே சுரங்க நகரத்துக்கு வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஏரி நிலைத்திருப்பதற்குக் காரணம், முதன்முதலில் அதைக் கட்டியவனுடைய திறமை மட்டுமன்று. உடைந்தபோதெல்லாம் மண்வெட்டியும் கூடையும் ஏந்தி அதன் கரையை மீண்டும் எழுப்பிய கைகளே ஆகும். நீரைப் பற்றிய நமது விசாரத்துக்கு இது நல்ல தொடக்கம்.

இந்த மண்ணுக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. 1898இல் இலங்கைக்குச் சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசரின் இயக்கம், சென்னைக்கு வெளியே ஆழமாக வேர்கொண்ட இடங்களுள் தங்கவயல் தலையாயது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் அச்சங்கத்துக்குக் கிளைகள் இருந்தன. பண்டிதர் நடத்திய ‘தமிழன்’ இதழுக்கு, அவர் 1914இல் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், 1926இல் ஜி. அப்பாதுரையார் இத்தங்கவயலிலேயே மறுவாழ்வு அளித்தார். பொதுக் கிணற்றில் நீர் மொள்ளக்கூடாது என்று எந்த மக்களைத் தடுத்தார்களோ, அந்த மக்களே சுரங்க வேலை முடிந்த நேரத்தில் ஒன்றுகூடி, பிறப்பினால் ஒருவன் அசுத்தனாவது எங்ஙனம் என்னும் தத்துவ வினாவைத் தமிழில் விசாரித்தார்கள் என்பது நம் அறிவு வரலாற்றில் பெருமையோடு எழுதப்பட வேண்டிய செய்தி.

அவர்கள் தழுவிய தர்மத்தில் நீரைப் பற்றிய போதனை இரண்டு விதமாக அமைந்திருக்கிறது. ஒன்று, நீருக்கு இல்லாத சக்தியை அதன்மேல் ஏற்றக்கூடாது என்பது. மஜ்ஜிம நிகாயத்தின் வத்தூபம சூத்திரத்தில், சுந்தரிக பாரத்துவாஜர் என்னும் அந்தணர், பாகுகை நதியில் நீராடச் செல்வதுண்டா என்று புத்தரை வினவுகிறார். தீவினை புரிந்தவனை எந்த நதியும் கழுவித் தூய்மை செய்யாது என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழியின் சாரம். தேரிகாதையில் இதே கருத்தைச் சொல்பவள் புண்ணிகை என்னும் நீர் சுமக்கும் அடிமைப் பெண். குளிரில் நடுங்கிக்கொண்டே ஆற்றில் மூழ்கும் அந்தணரைப் பார்த்து, நீரே பாவத்தைப் போக்குமாயின் அதிலேயே உறையும் தவளைக்கும் ஆமைக்கும் அன்றோ சுவர்க்கம் முதலில் சித்திக்க வேண்டும் என்று அவள் கேட்கிறாள். பனிக்காலத்திலும் ஆற்றில் இறங்கிக் குடம் நிரப்பித் தலையில் சுமந்து பழகியவளுக்கு நீரைப் பற்றிப் பிரமை உண்டாக இடமில்லை. அதன் குளிர்ச்சியையும் பாரத்தையும் தேகத்தால் அறிந்தவள் அவள்.

இரண்டாவது போதனை, நீருக்குள் நம் கண்ணுக்குப் புலப்படாத உலகம் ஒன்று உண்டு என்னும் எச்சரிக்கை. துறவிக்கு அனுமதிக்கப்பட்ட எட்டே உடைமைகளுள் நீர் வடிகட்டும் துணியும் ஒன்று. ஜீவராசிகள் உள்ள நீரை அறிந்தே பயன்படுத்துவது, துறவிகளின் ஒழுக்க விதித் தொகுப்பாகிய விநயத்தில் குற்றமாக எண்ணப்பட்டது. அதன் பகுதியாகிய சுல்லவக்கத்தில் ஒரு சம்பவம் வருகிறது. கோசல நாட்டில் இரு பிக்ஷுக்கள் சேர்ந்து நெடுவழி சென்றார்கள். ஒருவர் செய்த தகாத செயலை மற்றவர் கண்டித்ததனால் இருவருக்கும் மனக்கசப்பு உண்டாயிற்று. பின்னர்க் கண்டித்தவர் தாகத்தால் வாடி வடிகட்டியைக் கேட்டபோது, கசப்புக் கொண்டவர் கொடுக்க மறுத்துவிட்டார். கேட்டவர் தாகத்தினால் உயிர் நீத்தார். இதைக் கேள்வியுற்ற புத்தர், வழியில் எவரேனும் வடிகட்டியைக் கேட்டால் மறுக்கலாகாது என்றும், வடிகட்டி இல்லாதபோது மேலாடையின் நுனியையே வடிகட்டியாகக் கொள்ளலாம் என்றும் விதித்தார். நீரின் தூய்மையைத் தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்பவன், தன் கையில் உள்ள துணி எவ்வளவு சுத்தமாக இருப்பினும், ஒரு மரணத்துக்குப் பொறுப்பாளியாகிறான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் சொல்லக் காணோம்.

அந்த மேலாடை நுனி, இரண்டாயிரத்துச் சில நூறு ஆண்டுகள் கடந்து, வங்க தேசத்துக் கிராமங்களில் விஞ்ஞானத்தின் கையில் மீண்டும் தோன்றியது. 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் நோயாளிகளிடமும் குளத்து நீரிலும் வாந்திபேதிக் கிருமியைக் கண்டார். நுண்ணுயிரியல் அறிஞர் ரீட்டா கால்வெல்லும் அவருடைய துணைவர்களும் அதற்கு மேலும் ஒரு படி சென்று, அக்கிருமி நீரில் தனித்து மிதப்பதோடு, குளங்களில் வாழும் மிதவைப் பிராணிகளின் உடலில் பெருந்தொகையாய் ஒட்டிக்கொண்டும் வாழ்கிறது என்பதை நிலைநாட்டினர். கிருமியைத் தடுக்கும் அளவுக்குத் துணியின் கண்கள் சிறியவை அல்ல. ஆயினும் கிருமியைச் சுமக்கும் பிராணியை, பலமுறை துவைத்து இழை விரிந்த பழைய புடவையை நான்காகவோ எட்டாகவோ மடித்தால் தடுத்துவிடலாம். மத்லப் வட்டாரத்தின் 65 கிராமங்களில் தாய்மார்கள் இவ்வாறு வடிகட்டியபோது வாந்திபேதி நோய் 48 சதவீதம் குறைந்தது என்பதை 2003இல் வெளியான ஆராய்ச்சி எடுத்துரைத்தது. பிக்ஷு வடிகட்டியது நீரில் உள்ள உயிர் தன்னால் மாளக்கூடாது என்பதற்காக. தாய் வடிகட்டியது நீரில் உள்ள உயிரால் தன் குழந்தை மாளக்கூடாது என்பதற்காக. நோக்கம் எதிரெதிராகத் தோன்றினும், கண்ணுக்குப் புலனாகாததைக் கருதித் தன் செயலை அடக்கிக்கொள்ளும் மனப்பான்மை இருவருக்கும் ஒன்றே.

நுண்ணுயிர் யாவும் நமக்குப் பகை என்று இதனால் முடிவு கட்டுவோமானால் பெரும் பிழை செய்தவர்களாவோம். 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் வாந்திபேதி எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை வாரிச் சென்றபோது, அதே எல்பு நதியின் நீரை, அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த நீரை, மணற்படுகையில் மெதுவாக வடிகட்டிப் பருகிய அண்டை நகரம் ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. அந்த மணல் என்ன செய்தது? மணலின் மேற்பரப்பில் சில நாட்களில் ஒரு மெல்லிய வழுவழுப்பான படலம் தோன்றுகிறது. பாக்டீரியாக்களும் பாசிகளும் ஓரணுப் பிராணிகளும் கூடி வாழும் அந்தப் படலமே, மேலிருந்து இறங்கும் நீரில் உள்ள மாசை உண்டும், நோய்க் கிருமிகளைப் பிடித்து அழித்தும் நீரைத் தெளிவிக்கிறது. புதிதாகக் கழுவி இட்ட மணல் நன்றாக வடிகட்டுவதில்லை. உயிர் குடியேறிய மணலே வடிகட்டுகிறது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் சென்னை மாநகருக்கென அமைந்த வடிகட்டிகள் இந்த முறையிலேயே இயங்கின. அதே ஆண்டில் மான்செஸ்டர் நகரத்தில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர், சாக்கடை நீரில் காற்றைச் செலுத்தி, அடியில் தங்கும் சேற்றை எறிந்துவிடாமல் மீண்டும் மீண்டும் புதுக் கழிவுநீரோடு கலந்து வந்தால், அச்சேற்றில் பெருகும் நுண்ணுயிர்களே சாக்கடையைச் சுத்திகரித்துவிடும் என்று மெய்ப்பித்தார்கள். இன்றும் உலகமெங்கும் கழிவுநீர் நிலையங்களில் நடைபெறுவது பெரும்பாலும் அதுவே.

அத்தகைய நிலையம் ஒன்றின் தொட்டியிலிருந்து ஒரு துளி பழுப்பு நீரை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தல் வேண்டும். பஞ்சுப் பொதிபோல் திரண்ட பாக்டீரியாத் திரள்களின் ஓரத்தில், நூலிழை போன்ற காம்பின் நுனியில் மணி வடிவமான சிறு பிராணிகள் வாயைச் சுற்றியுள்ள நுண்மயிர்களைச் சுழற்றி நீரைத் தம்பால் இழுத்துக்கொண்டிருப்பதையும், ஏதேனும் தீண்டினால் அக்காம்பு சுருள்கம்பியாகச் சட்டென்று சுருங்கி மறுபடி மெல்ல நீள்வதையும் காணலாம். இந்தப் பிராணிகள் மிகுந்திருந்தால் தொட்டியின் சேறு ஆரோக்கியமாக இருக்கிறது என்றும், நீர் நன்கு தெளியும் என்றும் நிலையத்தார் அறிந்துகொள்கிறார்கள். பரிசுத்தம் என்றால் உயிரற்ற வெறுமை என்று நினைத்திருந்தவனுடைய சித்தாந்தம் இந்த ஒரு துளியிலே தகர்ந்துபோகிறது. நாம் அருவருத்து ஒதுக்கிய சேற்றில், நாம் அறியாத கோடானுகோடி ஜீவன்கள் நமது க்ஷேமத்துக்கான காரியத்தை ஓயாமல் செய்துகொண்டிருக்கின்றன.

இங்கே அஹிம்சையில் பற்றுடையவர் ஒரு வினாவை எழுப்புவார். அதை மழுப்பிவிட்டுச் செல்வது நேர்மையாகாது. வடிகட்டிய நீரிலும் எஞ்சிய கிருமிகளைக் கொல்வதற்காகவே குளோரின் சேர்க்கிறோம். குழாயின் கடைக்கோடியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் அது எஞ்சியிருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் நியதி. இது ஹிம்சையன்றோ? ஹிம்சைதான் என்று ஒப்புக்கொள்வதே முறை. ஆனால் பேதியால் வதங்கிக் கிடக்கும் குழந்தையின் முன்னே நின்றுகொண்டு கிருமியின் உயிருக்காக வாதிடுவது கருணையாகாது. துறவியின் விதி, பிறரைக் காக்கும் பொறுப்பற்ற தனி மனிதனுக்கு உரியது. நகரத்தின் விதி, லட்சக்கணக்கான தாகங்களுக்குப் பொறுப்பேற்றவர்களுக்கு உரியது. எனினும் பழைய விதி நமக்கு ஒன்றைக் கற்பிக்காமல் விடவில்லை. ஏரியையும் ஓடையையும் மாசுபடாமல் காத்திருந்தால், குளோரின் குறைவாகவே தேவைப்படும். மூலத்தைப் பாழாக்கிவிட்டு முடிவில் விஷத்தை நம்புவதுதான் தேவையற்ற ஹிம்சை. காப்பது முதல் தர்மம். கொல்வது கடைசி உபாயம்.

விசுவாசிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1896இல் ஆக்ராவில் பணியாற்றிய ஹான்கின் என்னும் ஆங்கில அறிஞர், கங்கை யமுனை நதிகளின் நீரில் வாந்திபேதிக் கிருமிகள் விரைவில் மடிவதைக் கண்டு எழுதினார். பின்னர் 1917இல் தெரெல் என்பவர், பாக்டீரியாவையே இரையாகக் கொள்ளும் அதிநுண்மையான வைரஸ்களைப் பற்றி விளக்கி, அவற்றுக்குப் பெயரும் சூட்டியபோது, ஹான்கின் கண்ட அதிசயத்துக்கு அவையே காரணமாக இருக்கலாம் என்று பலர் எண்ணினர். இதைக் கேட்டவுடன், எங்கள் தீர்த்தத்தின் மகிமையை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது என்று பூரிப்பவர் பலர். பூரிக்கும் முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வகை வைரஸ் ஒவ்வொன்றும் தனக்குரிய கிருமியை மட்டுமே அழிக்கும். சாக்கடையின் மற்றக் கிருமிகளையும் தொழிற்சாலையின் ரசாயனங்களையும் அது தீண்டாது. மேலும், கிருமி பெருகும் இடத்திலேதான் அதை உண்ணும் வைரஸும் பெருகும். அது சாக்கடையிலும் ஏராளமாக உண்டு. பக்தி தன் ஆதாரத்தை ஆராய்ச்சிசாலையில் இரவல் வாங்கினால், ஆராய்ச்சியின் அடுத்த முடிவுக்கும் அது தலைவணங்க வேண்டிவரும். நதியைத் தாயாகப் போற்றுபவன் செய்ய வேண்டியது, அவள் எதையும் தாங்குவாள் என்று நிரூபிக்க முயல்வதன்று. அவள்மேல் எதையும் கொட்டாதிருப்பது.

பிறவித் தூய்மை என்னும் கொள்கை எவ்வளவு தூரம் மனித அறிவைக் கெடுக்கும் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி உண்டு. 1927 மார்ச் 20ஆம் தேதி மஹாட் என்னும் ஊரில் அம்பேத்கர் தம் மக்களோடு சென்று சவுதார் குளத்தின் நீரைக் கையால் அள்ளிப் பருகினார். குளம் தீட்டுப்பட்டது என்று கருதியவர்கள், பசுவின் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கொண்ட 108 குடங்களை மந்திர கோஷத்தோடு அதில் அமிழ்த்தி அதைச் ‘சுத்தி’ செய்தார்கள். மனிதன் அருந்தியதால் நீர் கெட்டது, சாணம் கலந்ததால் அது தூய்மையாயிற்று என்னும் இந்தத் தீர்ப்பை எந்த நுண்ணோக்கியாலும் உறுதிப்படுத்த இயலாது. தீண்டிய கையில் சாதி எழுதியிருப்பதை எந்தக் கிருமியும் படித்ததில்லை. பழைய கதை என்று இதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்களுக்கு நீர் வழங்கிய மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது கண்டறியப்பட்டபோது, தமிழ்நாடே வெட்கித் தலைகுனிந்தது.

தங்கவயலுக்கும் இதில் தன் பங்கு உண்டு. சிவசமுத்திரத்தின் நீர்வீழ்ச்சியிலிருந்து 1902இலேயே மின்சாரம் பெற்ற நகரம் இது. ஆசியாவிலேயே அத்தகைய பேறு பெற்ற முதல் ஊர்களுள் ஒன்று. அந்த மின்னொளியின் கீழே, தொழிலாளர் குடியிருப்புகளில் உலர் கழிப்பிடங்கள் பல பத்தாண்டுகள் நீடித்தன. அவற்றின் மலத்தைக் கையால் வாரித் தலையில் சுமக்கும் கொடுமையும் நீடித்தது. அவ்வாறு சுமந்த குடும்பம் ஒன்றில் 1966இல் இத்தங்கவயலில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். 1980களில் தம் சொந்த ஊரின் உலர் கழிப்பிடங்களுக்கு எதிராகத் தொடங்கிய போராட்டத்தை நாடெங்கும் விரிவாக்கி, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கத்தை நிறுவியோருள் ஒருவராகி, 2016இல் மகசேசே விருது பெற்றார். ஊரின் கழிவு குடிநீரோடு கலவாமல் காத்த மனிதர்களை அசுத்தர் என்றும், கழிவை உண்டாக்கியவர்களைச் சுத்தர் என்றும் பிரித்த நியாயம் எத்தகையது? வேலையின் தன்மையும் பிறப்பின் குணமும் ஒன்றென்று கொண்ட மயக்கமே அது. சேற்றின் நுண்ணுயிரைப் பற்றி முன்னே கூறியதற்கும் இம்மனிதர்களுக்கும் ஒப்புமை காட்டுவது என் எண்ணமன்று. நுண்ணுயிர் தன் இயல்பால் உழைக்கிறது, இவர்களோ வேறு வழி மறுக்கப்பட்டு உழைத்தார்கள். அவ்வித்தியாசத்தை மறந்து அவர்கள் சேவையைப் புகழ்பவன், அக்கொடுமைக்கு மாலை சூட்டுகிறான்.

இந்த விசாரம் இன்று கோலார் மாவட்டத்துக்கு நேரான நடைமுறைப் பிரச்சினையாக வந்து நிற்கிறது. ஆயிரக்கணக்கான ஏரிகளுக்குப் பெயர்பெற்ற இம்மாவட்டத்தில் ஏரிகள் வறண்டன. ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடியையும் கடந்து இறங்கின. அவற்றிலிருந்து ஏறிய கண்ணாடி போன்ற தெளிந்த நீர், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடைத் தன்னுள் மறைத்துக்கொண்டு வந்தது. இந்நிலையில், பெங்களூரின் கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கில் சேரும் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் அளவில் குழாய் வழியே ஏற்றி, நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளை நிரப்பி நிலத்தடி நீரைப் பெருக்கும் திட்டத்தைக் கர்நாடக அரசாங்கம் மேற்கொண்டது. 2018 ஜூனில் முதல் நீர் லட்சுமிசாகர ஏரியை அடைந்தது. அடுத்த மாதமே நீரில் நுரை பொங்கிக் காணப்பட, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிற்பாடு உச்ச நீதிமன்றத்திலும் தடை பிறந்து, பின்னர் நீங்கி, நீர் தொடர்ந்து வந்தது. மாரிகுப்பத்து ரயில் தங்கவயலின் உழைப்பை அன்றாடம் பெங்களூருக்கு எடுத்துச் செல்ல, பெங்களூர் பருகிக் கழித்த நீர் மாவட்டத்தின் ஏரிகளுக்கு வந்து சேர்கிறது.

அந்த நீர் தூயதா, தீட்டானதா? அது சாக்கடை, எந்நாளும் சாக்கடையே என்பவர், பொருளுக்கு மாறாத சுபாவம் உண்டென்று நம்புகிறார். சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலைத் தாண்டியதால் அது இனித் தூயதே என்பவரும், முகம் மாறிய அதே நம்பிக்கையில்தான் நிற்கிறார். முன்னவர் பிறப்பைக் கண்டு தீர்ப்பளிக்கிறார், பின்னவர் முத்திரையைக் கண்டு தீர்ப்பளிக்கிறார். எதுவும் தன்னில் தானே நிலைத்த இயல்புடையதன்று, காரணங்கள் கூடும்போது தோன்றி அவை நீங்கும்போது மாறுவதே யாவும் என்பது மாரிகுப்பத்துச் சங்கத்தார் போற்றிய தர்மத்தின் ஆதாரக் கொள்கை. அக்கொள்கையின்படி பார்த்தால், கேட்க வேண்டியது வேறு: இந்த நீரின்மேல் எந்தெந்தக் காரியங்கள் நடந்திருக்கின்றன, எவை இன்னும் நடக்கவில்லை? இந்நீர் பெறும் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு அழுகும் பொருள்களைப் பெரிதும் நீக்குகிறது. நோய்க்கிருமிகள் யாவற்றையும், மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளின் மரபுக்கூறுகளையும், உலோகங்களையும், மருந்து எச்சங்களையும் முற்றிலும் நீக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஏரியின் அடிமண்ணும் அதில் வாழும் நுண்ணுயிர்களும் மேலும் ஓரளவு தெளிவிக்கும். அதுவும் எல்லைக்கு உட்பட்டதே. ஆகையால் மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு வேண்டும் என்று கோலார் விவசாயிகள் எழுப்பிய கோரிக்கை மூடநம்பிக்கையன்று, அதுவே பகுத்தறிவு. திட்டத்தால் நிலத்தடி நீர் உயர்ந்தது என்று மகிழ்வதும் நியாயமே. உயர்ந்த நீரை ஓயாமல் சோதிப்பது அந்த மகிழ்ச்சியின் விலை.

பருவமழையின் ஒழுங்கு குலைந்துவரும் காலத்தில் இந்த விழிப்பு பன்மடங்கு அவசியமாகிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. 2024 கோடையில் பெங்களூர் மாநகரமே குடிநீருக்குத் தவித்தது. பெருமழை சாக்கடையை ஏரிக்குள் தள்ளுகிறது. வறட்சி எஞ்சிய நீரில் மாசைச் செறிவாக்குகிறது. வெப்பம் மிகும்போது குழாயில் குளோரின் விரைவில் வலுவிழக்கிறது. நீர் பற்றாமல் முறைவைத்து விடும்போது மற்றோர் ஆபத்து நேர்கிறது. வெறுமையான குழாயில் அழுத்தம் இல்லாததால், விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே கசிகிறது. கர்நாடகத்தின் ஹூப்ளி–தார்வாட் நகரங்களில் நடைபெற்று 2013இல் வெளியான ஆராய்ச்சியில், இடைவிட்டு நீர் வரும் குழாய்களில் எடுத்த மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் மலத்தொடர்பைக் காட்டும் ஈ. கோலை கிருமி இருந்தது. இரவும் பகலும் நீர் வரும் குழாய்களில் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவாகவே இருந்தது. குழாய் திறந்தவுடன் வரும் முதல் தண்ணீரைப் பிடிக்காதே என்று நம் தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழக்கத்தை, அம்முதல் நீரில் மாசு மிகுதி என்று கண்ட விஞ்ஞானமும் ஆமோதிக்கிறது.

அத்தாய்மார்களின் கையிலேயே சோதனையை ஒப்படைக்கவும் வழி உண்டு. 1982இல் மஞ்சா என்னும் இந்திய விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் எளிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். மருந்து தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் இருக்கும். குழாய் நீரை அதன் குறியளவுக்கு நிரப்பி மூடி, வீட்டின் ஓர் ஓரத்தில் ஓர் இரவும் பகலும் வைத்துவிட வேண்டும். மலத்தோடு தொடர்புடைய பாக்டீரியாக்கள் நீரில் இருந்தால், அவை வெளியிடும் வாயு காகிதத்திலுள்ள இரும்போடு கூடி, புட்டி முழுவதையும் மைபோலக் கறுக்கச் செய்யும். நேற்று தெளிவாக இருந்த அதே நீர், இன்று தன் உண்மை நிலையைக் காட்டி நிற்கும். அதைப் பார்க்கும் லைன் வீட்டுப் பெண்ணுக்குச் சாஸ்திரியும் வேண்டா, அதிகாரியின் வாக்குறுதியும் வேண்டா. பிரத்யக்ஷப் பிரமாணம் அவள் கைக்கு வந்துவிட்டது.

பரிநிர்வாணத் தறுவாயில் புத்தர் தம் சீடர்களுக்கு விட்டுச்சென்ற இறுதி உபதேசம், சோர்வின்றி விழித்திருந்து முயலுங்கள் என்பதாகும். ஆத்மார்த்தமான சாதனைக்கென்றே இதை இதுவரை படித்துவந்தோம். குழாயும் ஏரியும் சாக்கடையும் கொண்ட நகர வாழ்க்கைக்கும் இதைக் காட்டிலும் பொருத்தமான உபதேசம் இல்லை. தூய்மை விழிப்பினால் உண்டாவதாயின், அவ்விழிப்பு எல்லோருடைய கடமையுமாகிறது. சோதனையின் முடிவுகள் கோப்புகளில் உறங்காமல் ஊரறியத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். சாக்கடைக்குள் மனிதன் இறங்காமல் இயந்திரம் இறங்க வேண்டும். ஏரிக்கு வரும் நீர் வருமுன்னே முற்றும் தெளிவிக்கப்பட வேண்டும். லைன் வீட்டுக் குழாய்க்கும் செல்வர் வீட்டுக் குழாய்க்கும் நீர் ஒரே அழுத்தத்தில் வர வேண்டும். இவை முனிசிபாலிட்டியின் காரியங்கள் என்று தோன்றலாம். தர்மத்தின் காரியங்களும் இவையே. நீரைப் பற்றிச் சமய உணர்வோடு சிந்திக்க விரும்புகிறவர், அதை யார் தொட்டார் என்ற பழைய கேள்வியை இனியேனும் கைவிட்டு, அதை யார் காத்தார், காத்தவருக்கு நாம் செய்த நியாயம் என்ன, காக்கும் வேலையில் நம்முடைய பங்கு எது என்று கேட்கத் தொடங்க வேண்டும்.